வந்தியத்தேவன் போன வழியில் வாண்டுகளோடு ஒரு ரவுண்டு!

சேத்தியாத்தோப்பைத் தாண்டி லால்பேட்டை செல்லும் சாலையைப் பிடித்ததும் கார் மெதுவாகும். வலது பக்கம் நீளமாக ஓர் ஏரிக்கரை கூடவே வரும். அந்தக் குடும்பத்தில் 'பொன்னியின் செல்வன்' பைத்தியம் பிடித்தவர் அப்பாவாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். யாராக இருந்தாலும், குரல் கொஞ்சம் தழுதழுக்க, பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து "இதுதான்டா!" என்பார். மொபைலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின் சீட்டிலிருந்து பதில் வரும்: "எது?"

வீராணம் ஏரிக்கரையில் இந்த 'எது?' என்ற கேள்வியில் அடிபடாத ரசிகப் பெற்றோர் குறைவு.

கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய அந்தத் தொடர்கதை இந்த ஏரிக்கரையில்தான் ஆரம்பிக்கிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று, வாணர் குலத்து வாலிபன் ஒருவன் களைத்துப்போன குதிரையில் இந்தக் கரைமேல் வருகிறான். கதையில் ஏரியின் பெயர் வீரநாராயண ஏரி. பதினாலு, பதினைந்து வயதில் இதைப் படித்துவிட்டு, அடுத்த ஒரு மாதம் கணக்கு வகுப்பிலும் குதிரைமேலேயே உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. கையில் கார் இருக்கிறது, பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாங்கள் பார்த்ததைப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் கிளம்பி வருகிறார்கள்.

ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம் எப்படியோ, இவர்களுக்கு வீராணம் அப்படி. ஆனால், கிங்ஸ் கிராஸில் சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்றை நிஜமாகவே வைத்திருக்கிறார்கள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வீராணத்தில் குதிரையும் இல்லை, பலகையும் இல்லை, போட்டோ பாயின்ட்டும் இல்லை. இருப்பது ஏரி ஒன்றுதான். கதை முழுக்க அப்பா, அம்மாவின் தலைக்குள்தான் இருக்கிறது. அதை எப்படிப் பிள்ளையின் தலைக்குள் இறக்குவது என்பதுதான் இந்தப் பயணம் முழுக்கவும் இருக்கும் சிக்கல்.

மே மாதம் வேண்டாம்

முதலில் ஒரு நடைமுறை விஷயம். பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் இந்தப் பக்கம் வந்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு. மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் கல்லணை, கொள்ளிடம், கீழணை என்று வந்து, வடவாறு வழியாகத்தான் வீராணத்துக்குள் நுழைகிறது. கோடையில் பல வருடங்கள் ஏரி வற்றிக் கிடக்கும். வெடித்த வண்டல் தரையைக் காட்டி, "இங்கேதான் அலை மோதியது" என்று சொன்னால் எந்தக் குழந்தை நம்பும்?

ஆடிப்பெருக்கை ஒட்டியோ, அதற்குப் பிறகு மழைக்காலம் முடியும் நேரத்திலோ வந்தால் காட்சியே வேறு. சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் ராஜாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி. 'வீரநாராயணன்' என்பது பராந்தகனின் பட்டப்பெயர். இதே ஏரியிலிருந்து 2004-ம் ஆண்டு முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. சென்னைப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால்தான் மொபைல் முதன்முறையாகக் கீழே இறங்கும். "நம்ம வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணியா?" என்ற கேள்வி வந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டலாம். குதிரை வராவிட்டாலும், ஏரி வந்துவிட்டது.

அரையாண்டு விடுமுறைதான் இந்தப் பயணத்துக்கு நல்ல காலம். ஏரியிலும் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். பயணத்தின் கடைசி ஊரான கோடியக்கரைக்கும் அப்போதுதான் வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கும்.

காட்டுமன்னார்கோவிலில் ஒரு துப்பறியும் கதை

ஏரியின் தென்கோடியில் லால்பேட்டை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டுமன்னார்கோவில். பெரும்பாலான குடும்பங்கள் இங்கே வீரநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதில் தவறில்லை. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகளின் ஊர் இது. கதையிலும் இந்த விண்ணகரத்தில் ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாட, ஈசுவர முனிகள் உருகி நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஈசுவர முனிகளின் மகன்தான் நாதமுனிகள். ஆழ்வார்க்கடியானைப் பிடித்த பிள்ளைகள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

ஆனால், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வருகிறவர்கள் தவறவிடவே கூடாத கோயில் இன்னொன்று. அதே ஊரில் உடையார்குடி பகுதியில் இருக்கும் அனந்தீஸ்வரர் கோயில். பெரிய கூட்டம் இருக்காது. வாசலில் சர்பத் கடை, பொம்மைக் கடை கிடையாது. சுவரில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, சோழ நாட்டின் பிரபலமான கொலை வழக்கு சம்பந்தப்பட்டது.

சுந்தர சோழரின் மூத்த மகன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். படம் பார்த்த பிள்ளைகளுக்கு நடிகர் விக்ரம் என்றால் புரியும். அந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் நிலங்களையும், அவர்களுடைய உறவினர்களின் நிலங்களையும் பறிமுதல் செய்வது பற்றிய அரச ஆணைதான் இந்தக் கல்வெட்டில் வருகிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெட்டப்பட்டது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. இதில் துரோகிகள் என்று பெயர் குறிப்பிடப்படுகிறவர்கள் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். ரவிதாசன்! கதையில் ஆந்தை மாதிரிக் குரல் கொடுத்து, சுடுகாட்டில் கூட்டம் போட்டு, படிக்கிறவர்களைப் பயமுறுத்திய அதே பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எஃப்.ஐ.ஆர். மாதிரி கல்லில் கிடக்கிறது.

இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ இது உண்மையா?" இரண்டாவது, "ஏன் கொன்னாங்க?" மூன்றாவதுதான் உண்மையில் சங்கடமானது. "கொன்னது யாருன்னு தெரிஞ்சும், ராஜராஜன் வந்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் தண்டனையா? அதுவரைக்கும் யாரு ராஜா?"

அதுவரை ராஜா, உத்தம சோழன். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நீலகண்ட சாஸ்திரி முதல் இன்றைய ஆய்வாளர்கள் வரை பல பக்கங்கள் வாதாடியிருக்கிறார்கள். உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. கல்கியே கதையில் கொலைகாரன் இன்னார் என்று அடித்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஐந்து பாகம் படித்த பெற்றோருக்கும், ஒரு வரிகூடப் படிக்காத பிள்ளைக்கும் அந்தச் சுவருக்கு முன்னால் தெரிந்தது ஒரே அளவுதான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்ற நிலை அங்கே காலியாகிறது. அம்மா ஒரு சந்தேகம் சொல்வார், பிள்ளை ஒரு சந்தேகம் சொல்லும். அடுத்த ஐம்பது கிலோமீட்டருக்குக் காரில் பாட்டுப் போட வேண்டியிருக்காது.

வந்தியத்தேவன் தடம் பிடித்துப் போகிறவர்கள் ஏரிக்கரையில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் முறையை மாற்றி, உடையார்குடியில் ஆரம்பிப்பது நல்லது. ரசனை பிறகு வரட்டும், முதலில் கேள்வி வரட்டும். ஒரு யோசனை: கல்வெட்டைத் தேடுவதற்குக் கோயிலில் இருக்கும் குருக்களிடமோ, ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க எழுத்துதான். எது எந்த எழுத்து என்று பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. வெறுங்கண்ணால் பாருங்கள், விரலால் தடவ வேண்டாம். சாக்பீஸ், மாவு போட்டுத் தேய்ப்பதெல்லாம் கூடவே கூடாது.

பக்கத்தில் மேலக்கடம்பூர். சம்புவரையர் மாளிகை இருந்த ஊர் இதுதான் என்று நம்பி ரசிகர்கள் வருகிறார்கள். மாளிகையும் இல்லை, மதிலும் இல்லை. ஆனால் அமிர்தகடேஸ்வரர் கோயில் தேர் வடிவில் கட்டப்பட்டது. கல் சக்கரங்களோடும் குதிரைகளோடும் நிற்கும் அதைச் சின்னப் பிள்ளைகள் நாலு முறை சுற்றிச் சுற்றி வருவார்கள். நந்தினியைப் பற்றிய பேச்சைப் பெரியவர்கள் அந்த நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். பழிவாங்கலும் கொலையுமான அந்தப் பகுதி ஏழு, எட்டு வயதுக்குத் தேவையில்லை.

தமிழ் படிக்க வராத பிள்ளை

இந்த வழியில் வருகிற பெற்றோரிடம் எல்லாம் ஒரு சின்ன வருத்தம் ஒளிந்திருக்கும். டிக்கியில் ஐந்து பாகங்களும் இருக்கும். பிள்ளைக்கு அவற்றைப் படிக்க வராது. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு, எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் குதிரை ஏரிக்கரையைத் தாண்டிவிடுகிறது. தனக்கு உயிரான ஒரு புத்தகம், தன் வீட்டிலேயே வளரும் பிள்ளைக்குப் பூட்டிய பெட்டி. வெளியில் சிரித்துக்கொண்டே சொன்னாலும், கொஞ்சம் வலிக்கிற விஷயம்தான் இது.

ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். 1950-களில் இந்தக் கதை வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது? எல்லோரும் தனித்தனியாகப் படித்தா? பத்திரிகை வீட்டுக்கு ஒன்றுதான் வரும். வருகிற அன்றைக்கு யார் முதலில் என்று சண்டை. பல வீடுகளில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எழுத்து வாசனையே இல்லாத பாட்டிகள்கூட இந்தக் கதையை நுணுக்கமாகச் சொன்னது அப்படிக் கேட்டுத்தான். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு பைண்டு செய்துவைத்த புத்தகங்கள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. நடுவில் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் பாட்டி வாயால் சொல்வார்.

ஆக, பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்றால் படித்துக் காட்டலாம். ஆடியோ புத்தகங்கள் இருக்கின்றன. கார் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனாலும் அம்மாவே ஆழ்வார்க்கடியான் குரலில் பேசி, அப்பா வந்தியத்தேவனாக உளறிக்கொட்டும் சுகம் ஆடியோவில் வராது.

படத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிரத்னத்தின் இரண்டு பாகங்களும் 2022, 2023-ல் வந்தன. அதன் பிறகு இந்த ஊர்களுக்கு வரும் பிள்ளைகளுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தி, குந்தவை என்றால் த்ரிஷா. "புத்தகத்துல அப்படி இல்ல" என்று ஒவ்வொரு காட்சிக்கும் திருத்துகிற பெற்றோர் இருக்கிறார்கள். பாவம், பிள்ளைகள்! அந்தப் பெற்றோரின் மனதில் இருக்கும் குந்தவையும் ஒன்றும் நேரில் பார்த்ததல்ல. மணியம் வரைந்த குந்தவை. கல்கியின் எழுத்தைப் படித்தவர்கள் எல்லோரும் மணியத்தின் தூரிகை வழியாகத்தான் அந்த முகங்களைப் பார்த்தார்கள். அந்த மணியத்தின் மகன்தான் ஓவியர் மணியம் செல்வன். அப்பாவைப் பார்த்து ஓவியம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மகனின் கோடு வேறு, அப்பாவின் கோடு வேறு.

இந்தக் கதையால் பெயர் வாங்கியவர்கள் எத்தனை பேர்! வானதி, குந்தவை, அருள்மொழி, நந்தினி, பூங்குழலி... வகுப்பில் "அது என்ன பேரு, குந்தவை?" என்று கேட்டுச் சிரிக்கும்போது வீட்டுக்கு வந்து அழுத பெண்கள், பிற்காலத்தில் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழையாறைக்கு வருகிறார்கள்.

இல்லாத அரண்மனைகள்

காட்டுமன்னார்கோவிலிலிருந்து தெற்கே போனால் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இங்கேதான் இருக்கிறது. கதையில் வந்தியத்தேவன் அரிசிலாற்றங்கரையில் ஒரு முதலையோடு வீரமாக மோதி, அது பஞ்சடைத்த பொம்மை என்று தெரிந்து அசடு வழிவான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது. ஆனால், கொள்ளிடத்தில் இருப்பவை பஞ்சடைத்தவை அல்ல, நிஜ முதலைகள். பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரி, ஆற்றில் இறங்கும் எண்ணமே வேண்டாம்.

கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களைப் பார்ப்பது வசதி. சாப்பாட்டுக்குக் கவலையில்லை. டிகிரி காபி பெரியவர்களுக்கு, இட்லி, கடப்பா பிள்ளைகளுக்கு. கோயில்கள் மதியம் நடை சாத்தினால் பொதுவாக நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கிறது திருப்புறம்பியம். ஏறத்தாழ கி.பி. 880-ல் பல்லவரும் கங்கரும் சோழரும் ஒருபுறம், பாண்டியர் மறுபுறம் நின்று நடத்திய பெரும்போர் இங்கே நடந்தது. சோழர்கள் தலையெடுக்கக் காரணமான போர் இது. கங்க மன்னன் பிருதிவீபதி இங்கே இறந்தான். அவனுக்கு எழுப்பிய பள்ளிப்படையில்தான் கதையின் சதிகாரர்கள் நள்ளிரவில் கூடுவார்கள், ஆழ்வார்க்கடியான் ஒளிந்து கேட்பான். பகலில் போனால் வயலும் தோப்புமாக அமைதியாக இருக்கிறது ஊர். போர் நடந்த பகுதியில் 'உதிரம் வடிந்த தோப்பு' என்று ஓர் இடத்துக்குப் பெயர். அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், பயமுறுத்தும் வேலை முடிந்தது. பிற்காலச் சோழர் வரலாற்றை எழுதிய சதாசிவ பண்டாரத்தார் பிறந்த ஊரும் இதுதான். போர்க்களத்துக்குப் பக்கத்தில் விளையாடி வளர்ந்த பையன் சரித்திர ஆசிரியரானதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இங்கே சாட்சிநாதர் கோயிலில் இருக்கும் பிரளயம் காத்த விநாயகருக்கு, விநாயகர் சதுர்த்தி இரவில் தேனால்தான் அபிஷேகம். அத்தனை தேனையும் பிள்ளையார் உறிஞ்சிக்கொள்வார் என்பார்கள். பிருதிவீபதியை மறந்தாலும் பிள்ளைகள் இந்தப் பிள்ளையாரை மறக்கமாட்டார்கள்.

பழையாறைக்கு வரும்போதுதான் ரசிகப் பெற்றோருக்குச் சோதனை. குந்தவையும் செம்பியன் மாதேவியும் வாழ்ந்த தலைநகர். மாளிகைகளும் வீதிகளும் படைவீடுகளும் என்று கதை படித்து மனசுக்குள் கட்டிவைத்த நகரம். நேரில் ஒன்றுமே இல்லை. கீழப்பழையாறை சோமநாதர் கோயில் இருக்கிறது, சுற்றிலும் வாழையும் நெல்லும். அவ்வளவுதான். கூகுள் மேப்பில் வந்து இறங்கிய பிள்ளை, "அரண்மனை எங்கே?" என்று கேட்கும். அப்பாவின் முகம் விழுந்துவிடும்.

இந்த இடத்தில் மேப்பே உதவிக்கு வரும். பக்கத்து ஊர்களின் பெயர்களைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம். சோழன்மாளிகை. அரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். அரண்மனை போய், அந்த இடத்தின் பெயர் 'சோழன்மாளிகை' என்று ஒரு கிராமமாக நிற்கிறது. நான்கு படைவீடுகளும் நான்கு ஊர்களாக இருக்கின்றன. பஸ் ஸ்டாப் பலகையில் சோழர் படை! புதையல் தேடுவதுபோல இந்தப் பலகைகளைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாலே அரை நாள் ஓடிவிடும். பிள்ளைக்குப் பழையாறை பிடித்துப்போக, இல்லாத அரண்மனையைக் கைகாட்டிக்கொண்டே இருப்பதைவிட இது நல்ல வழி.

பக்கத்திலேயே தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில். கதைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது, கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பிள்ளைகளைக் கேட்டால், பயணத்திலேயே பிடித்த இடம் என்று பலர் சொல்லக்கூடியது இதுதான். ஒரே தலை, ஒருபக்கம் பார்த்தால் யானை, இன்னொரு பக்கம் பார்த்தால் காளை என்று ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரு கையால் பாதியை மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "நேரமாச்சு, கதைக்கு வருவோம்" என்று இழுக்காமல், கொஞ்ச நேரம் விட்டுவிடுவது நல்லது.

பெரிய கோயிலில் ஓர் அக்கா

தஞ்சாவூரில் இறங்கியதும் தெளிவுபடுத்த வேண்டிய விஷயம், பெரிய கோயில் 'பொன்னியின் செல்வன்' கதையில் கிடையாது. கதை நடக்கும்போது அருள்மொழி இளைஞன். ராஜராஜனாகி அவன் கோயிலைக் கட்டி முடித்தது 1010-ல். வந்தியத்தேவன் பார்த்த தஞ்சைக்கோட்டை இன்று இல்லை. இப்போதிருக்கும் கோட்டையும் அகழியும் பிற்காலத்தவை.

ஆனால், கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள். விமானத்தின் சுவர்களில், கோயிலுக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று பட்டியலிடும்போது, ராஜராஜன் தான் கொடுத்ததை அடுத்து வைப்பது தன் அக்கா கொடுத்ததை. மனைவியர் அதற்குப் பிறகுதான். தம்பி, தங்கை உள்ள பெரிய பிள்ளைகள் இந்தத் தகவலை வீடு திரும்பும்வரை பயன்படுத்துவார்கள், எச்சரிக்கை! அந்த அக்கா குந்தவையைக் கல்வெட்டு, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. அதாவது, ஏரிக்கரையில் குதிரையில் வந்த ஆள் நிஜம். அவனைக் கல்யாணம் செய்துகொண்டது நிஜம். குந்தவை இந்தக் கோயிலில் தன் அப்பா சுந்தர சோழருக்கும் அம்மாவுக்கும் படிமம் செய்துவைத்ததும் கல்வெட்டில் இருக்கிறது.

பிள்ளைகள் உடனே மற்றவர்களைப் பற்றிக் கேட்பார்கள். பூங்குழலி? கற்பனை. ஆழ்வார்க்கடியான்? கற்பனை. ஆனால் அவனுடைய முதலாளி அநிருத்த பிரம்மராயர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். நந்தினி? கற்பனை. கடைசி பதிலைச் சொல்லும்போது பல அம்மாக்களின் குரல் இறங்கிவிடும். நந்தினியை இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கோடியக்கரையில் காற்று

வேதாரண்யம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த ஊர். பாடப் புத்தகத்தில் படித்திருப்பதால், இதைப் பிள்ளைகளே அப்பாவுக்குச் சொல்வார்கள். அப்புறம் கோடியக்காடு, குழகர் கோயில், காடு.

இந்தப் பயணத்தில் புத்தகமும் ஊரும் நெருங்கி வருவது இங்கேதான். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே சதுப்பு நிலம். வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொண்டு, பூங்குழலி வந்து காப்பாற்றும் இடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டினால் சதுப்பில் தீ எரியும், கொள்ளிவாய்ப் பிசாசு என்று கதையில் வருமே, அந்தப் பயத்தை மாலை ஐந்தரை மணிக்கு மேல் இங்கே நின்றால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். வெளவால் பறக்கும், காற்று ஊளையிடும். பின் சீட்டுக்காரர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்.

1967 முதல் இது வனவிலங்கு சரணாலயம். அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனால் வெளிமான்கள் கூட்டமாகத் தெரியும். காட்டுக்குதிரைகளும் உண்டு. ஏரிக்கரையில் வராத குதிரை கோடியக்கரையில் வந்து நிற்கும்! பருவம் சரியாக இருந்தால் பூநாரைகள். பெரியவர் பைனாகுலரில் கலங்கரை விளக்கம் தேட, சிறியவர் அதைப் பிடுங்கிப் பறவை பார்ப்பார். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட சிதிலம் 2004 சுனாமியில் போய்விட்டது. இப்போது நிற்பவை பிற்காலத்தவை. அப்பாவுக்கு ஏமாற்றம்தான். பறவைப் பைத்தியம் பிடித்துத் திரும்பும் பிள்ளையை இனி வேடந்தாங்கலுக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அங்கே பின் சீட்டில் உட்கார்ந்து "எது?" என்று கேட்பது அப்பாவாக இருக்கும்.

கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் மட்டும்தான். பூங்குழலி படகு விட்டுப் போன இலங்கை அந்தப் பக்கம். இரண்டாம் பாகத்தில் பாதிக் கதை அங்கேதான் நடக்கிறது. அநுராதபுரத்தையும் பார்த்தால்தான் பயணம் முழுமை என்று பைத்தியம் முற்றியவர்கள் சொல்கிறார்கள். கோடியக்கரையிலிருந்து படகு கிடையாது. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். பருவமழையால் சில நாட்களிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவை இருக்காது என்பதால், தேதியை விசாரித்துக்கொண்டு திட்டம் போடுவது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பூங்குழலியிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லையே என்று பின் சீட்டிலிருந்து கேள்வி வந்தால், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.